மூன்று ஒன்று

ஏசுவடியான் கொண்டுவந்தது ஒரு முழக் குழாய்.
வெள்ளை பிவிசி, மேலும் கீழும் செம்புத்தகடு,
நடுவில் பத்துச் சுற்றுக் கம்பிச்சுருள்.
மீன்பெட்டிக்கு அலுமினியம் ஒட்டவைக்கிற கை;
பற்றவைப்பில் குறை சொல்ல முடியாது.

"உனக்க இருபது மீட்டர் கம்பியில
இனி துணி காயப்போடு பிள்ளே" என்றார்.

மணவாளக்குறிச்சி. ஞாயிறு, மூன்றரை மணி.
மணல் லாரி ஒன்று தெருவைக் குலுக்கிப் போனது.
என் கம்பி, சையதலி வீட்டுத் தென்னைக்கும்
எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கும் நடுவே
இரண்டு காக்கைகளோடு தொய்ந்து கிடந்தது.
ரேடியோ கீழே, கிணற்றடி அறையில்.

அவர் கொள்கை இது:
மின்புலம் மாப்பிள்ளை, காந்தப்புலம் பெண்.
இருவரையும் தனித்தனியே வளர்த்து
ஒரே கணத்தில் குழாய்க்குள் கைபிடித்துக் கொடுத்தால்
அலை அங்கேயே பிறந்துவிடும்.
நீளம் எதற்கு?
பந்தல் பெரிசானால் பிள்ளை பெரிசாகுமா?

நான் சொன்னேன்:
அவர்கள் தனித்தனியே வளர்ந்ததே இல்லை ஓய்.
ஒன்று அசைந்தால் மற்றது அங்கே நிற்கிறது.
நீர் தாலியோடு போய்ச் சேருமுன்
ரெண்டும் திருவனந்தபுரம் தாண்டியிருக்கும்.

சையதலி மூன்றாம் கட்சி ஆரம்பித்தான்:
தென்னையில் ஆணி அடித்து வயரை முறுக்கு,
உள்ளே உப்புத்தண்ணி ஓடுது, அது போதும்.
ஏசுவடியானோ
கருமணல் கனமான மண், அதில் நட்டால்
எந்தக் குழாயும் கப்பல்வரை கூவும் என்று
ஒரு வாளி மணல் கேட்டார்.
கொடுத்தோம். மாடியில் வைத்து
மரச்சீனிக் கம்பு ஊன்றுவதுபோல ஊன்றினார்.

ரத்னகிரிக்காரர் நேரம் தவறாதவர்.
என் கம்பிக்கு ஐந்து ஒன்பது.
குழாய்க்கு மாற்றினோம்.
ஐந்து ஏழு.

ரெண்டுதான் குறைவு! ஒரு முழத்துக்கு!
கிணற்றைச் சுற்றி அவர் நடந்த நடை
தேர் தெருமுனை திரும்புகிற நடை.

நான் மாடியேறி
பையிலிருந்த ஏழு பெரைட் வளையங்களை
குழாய்க்குச் சற்றுக் கீழே
கேபிளின் கழுத்தில் மாட்டினேன்.
"என்னது அது?"
"சோக்கு."

மறுபடி டியூன் செய்து, மறுபடி அழைத்தேன்.
ஹெட்போன் என் காதில்.
அவர்கள் பார்த்தது என் முகத்தை.
கடலை வறுக்கிற சட்டி இரைச்சல்.
இல்லை என்று தலையாட்டினேன்.

"கழுத்த நெரிச்சிட்டு, பாடலைங்குறியே!"
"பாடினது உம்ம குழாய் இல்லை. கேபிள்."

மாடியிலிருந்து அறைவரை அளந்தோம்.
பத்து மீட்டர். அலையின் கால்பங்கு.
டேப்பை நம்பாமல் அவரே முழம்போட்டார்:
இருபத்திரண்டு.
"அப்ப நான் கண்டுபிடிச்சது கேபிளா?"
"அதையும் எவனோ முந்தியே கண்டுபிடிச்சாச்சு அண்ணே"
என்றான் சையதலி.

அவர் சிரிக்கவில்லை.
குழாயைப் பிடுங்கி, மணலை லுங்கியில் துடைத்து
சைக்கிள் கேரியரில் கட்டினார்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் லேப் அசிஸ்டெண்ட்.
காணாத அளவை எழுதுகிற பிள்ளைகளை
எனக்குக் கையெழுத்திலேயே தெரியும்.
கண்ட அளவை எழுதாதவர்களை?

நாலு மணி ஏழு நிமிடம்.
வறுபடும் இரைச்சலுக்கு அடியில்
ரத்னகிரிக்காரர் இரண்டு தரம் சொன்னார்:
மூன்று ஒன்று. மூன்று ஒன்று.
கேபிள் வாய்மூடி நின்ற நேரம் அது.
அந்த முழக் குழாய், தன் சொந்தத் தொண்டையில்.

அதனால் என் கட்சி தோற்காது.
இவ்வளவு சிறிசு இவ்வளவுதான் கத்தும்,
கணக்கும் அதையேதான் சொல்கிறது.
ஆனாலும் தலையாட்டினேனே.

குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.
திங்கட்கிழமை பஸ்
அவர் பட்டறை வாசலில் நின்று ஆள் ஏற்றியது.
உள்ளே நீலத் தீப்பொறி.
எந்தச் சாக்கில் இறங்க?
வளையம் ஏழும் என்னுடையவை.

செவ்வாயும் அதே பஸ்.